வர்றவர் கேட்டாப் போதும்: வணிகப் பாட்காஸ்ட்டும் அதன் நட்பும்

பாட்காஸ்ட்டைப் பற்றி இலக்கிய இதழில் எழுத என்ன இருக்கிறது என்று ஒரு நண்பர் கேட்டார். அதிலும் வணிகப் பாட்காஸ்ட். ஒரு நிறுவனம் தன் வாடிக்கையாளர்களோடு 'உறவை வளர்த்துக்கொள்வதற்காக' எடுக்கும் ஒலித்தொடர். ஹோர்டிங்குக்கு யாராவது விமர்சனம் எழுதுவார்களா?

எனக்கு அது அவ்வளவு எளிய விஷயமாகப் படவில்லை. நான்கு வருடம் இன்ஜினியரிங் படித்தேன். சி மொழியை உருவாக்கியவர் டென்னிஸ் ரிச்சி என்பது அங்கே ஒரு மார்க் கேள்வி. அவர் எங்கே உட்கார்ந்து அதைச் செய்தார், கூட யார் இருந்தார்கள், பெல் லேப்ஸ் எப்படிப்பட்ட இடம், அங்கே இருந்தவர்களுக்கு அவ்வளவு நேரத்தை யார் கொடுத்தது என்பதையெல்லாம் எந்த வகுப்பிலும் யாரும் சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்து பல வருடம் கழித்து, பேருந்தில் நின்றுகொண்டே, காதில் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் வயது மென்பொருள் ஆட்கள் பலருக்கும் இதுதான் கதை. எங்கள் தொழிலின் புராணங்களை எங்களுக்குச் சொன்ன குரல்களில் கணிசமானவற்றுக்கு ஏதோ ஒரு நிறுவனம் கூலி கொடுத்திருக்கிறது. சொன்னவருக்கு யார் கூலி கொடுத்தார்கள் என்பது சொல்லப்பட்ட கதையைப் பாதிக்கும். இலக்கியம் படிப்பவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இந்தப் பாட்காஸ்ட்கள் காட்டும் நட்பு நிஜமா பொய்யா என்பதல்ல என் கேள்வி. 'பொய்' என்று சொல்லிவிட்டு ஹெட்ஃபோனைக் கழற்றிவிடுவது எளிது. அந்த நட்பு எதையெல்லாம் பேச விடுகிறது, எந்த இடத்தில் வாயைப் பொத்துகிறது என்பதைத்தான் பார்க்க விரும்புகிறேன்.

1. காதுக்குள் ஒரு கைக்கிளை

1956இல் டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இருவர் 'சைக்கியாட்ரி' ஆய்விதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பேசுகிறவரோடு நேயருக்கு உண்டாகும் உறவுக்கு 'பாரா-சோஷியல்' என்று பெயர் வைத்தவர்கள் அவர்கள்தான். பேசுகிறவர் என்னைத் தெரிந்தவர் போலப் பேசுகிறார். நானும் அவரைத் தெரியும் என்று நம்புகிறேன். ஆனால் அவருக்கு என்னைத் தெரியாது. தொல்காப்பியம் ஒருதலைக் காமத்துக்குக் கைக்கிளை என்று பெயர் வைத்திருக்கிறது. இதை ஒருவகைக் கைக்கிளை நட்பு என்று சொல்லலாம்.

அவர்கள் காட்டும் உதாரணங்களில் ஒன்று 'தி லோன்சம் கேல்' என்ற அமெரிக்க வானொலி நிகழ்ச்சி. ஒரு பெண் குரல், தனியாக உட்கார்ந்து கேட்கும் ஆணிடம் காதலியைப் போலப் பேசும். கதை கிடையாது, விருந்தினர் கிடையாது. குரல் மட்டும்தான். உறவு என்ற ஒன்றைத் தவிர அந்த நிகழ்ச்சியில் வேறு எந்தச் சரக்கும் இல்லை. ஹார்ட்டனும் வோலும் இதைப் பைத்தியக்காரத்தனம் என்று ஒதுக்கவில்லை. பெரும்பாலான நேயர்களுக்கு இது அன்றாடச் சமூக வாழ்க்கையின் நீட்சிதான் என்கிறார்கள். நேயருக்கு ஒரு சுதந்திரமும் இருக்கிறது: பிடிக்காவிட்டால் எழுந்து போய்விடலாம்.

வானொலி கூடத்தில் இருந்தது. வீட்டில் நாலு பேர் சேர்ந்து கேட்டார்கள். பாட்காஸ்ட் காதுக்குள் வந்துவிட்டது. பாத்திரம் கழுவும்போது, நடக்கும்போது, தூக்கம் வராதபோது, அதாவது வேறு யாரும் நம்மோடு பேசாத நேரங்களில் அது பேசுகிறது. 2004 பிப்ரவரியில் பென் ஹேமர்ஸ்லி 'தி கார்டியன்' பத்திரிகையில் 'பாட்காஸ்டிங்' என்ற சொல்லைப் பயன்படுத்தினார். 2005 ஜூனில் ஆப்பிள் அதை ஐட்யூன்ஸுக்குள் கொண்டுவந்தது. ஆனால் பெரிய வெடிப்பு 2014இல், சாரா கோனிக் தொகுத்த 'சீரியல்' வெளியானபோது. பால்டிமோரில் 1999இல் நடந்த ஒரு கொலை வழக்கைத் திரும்ப விசாரிக்கும் தொடர் அது. ஒவ்வொரு வாரமும் அதன் தொடக்கத்தில் மெயில்சிம்ப் நிறுவனத்தின் விளம்பரம் வரும். பலவிதமான குரல்கள் அந்தப் பெயரை வாசிக்கும். ஒரு சிறுமி அதை 'மெயில்கிம்ப்' என்று படிப்பாள். அந்தத் தவறான உச்சரிப்பு இணையத்தில் பெரிய நகைச்சுவையாகச் சுற்றியது.

மெயில்சிம்ப் விற்பது சிறு வணிகங்களுக்கான மின்னஞ்சல் மென்பொருள். அதைவிடச் சுவாரசியமில்லாத சரக்கு இருக்க முடியாது. அதற்கு ஒரு கொலை வழக்கின் பதற்றமும் ஒரு பெண் செய்தியாளரின் நம்பகமான குரலும் வாடகைக்குக் கிடைத்தன. அப்புறம் மற்ற நிறுவனங்கள் யோசித்ததில் ஆச்சரியமில்லை. வாடகைக்கு எடுப்பானேன், சொந்தமாகவே கட்டிக்கொள்ளலாமே.

2. கணக்கில் வராத காது

இங்கே கொஞ்சம் தொழில்நுட்பம் பேச வேண்டும். ஏனென்றால் இந்த வடிவத்தின் அழகியல் சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பாட்காஸ்ட் என்பது அடிப்படையில் ஓர் ஆர்எஸ்எஸ் கோப்பு. அதில் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஓர் ஒலிக்கோப்பின் முகவரி இருக்கும். உங்கள் செயலி அந்த முகவரிக்குப் போய்க் கோப்பை இறக்கிக்கொள்ளும். அவ்வளவுதான். சர்வரில் மிஞ்சுவது ஓர் ஐபி முகவரி, செயலியின் பெயர், நேரம். இறக்கியவர் யார், கேட்டாரா, எந்த இடத்தில் சலித்துப்போய் நிறுத்தினார் என்பதெல்லாம் அனுப்பியவருக்குத் தெரியாது. 2023 செப்டம்பரில் ஐஓஎஸ் 17 வந்தபோது ஆப்பிள் தன் பாட்காஸ்ட் செயலியின் தானியங்கிப் பதிவிறக்க முறையை மாற்றியது. நேயர் கேட்பதை விட்டுவிட்ட தொடர்களின் பழைய அத்தியாயங்களைச் சும்மா இறக்கிக் குவிப்பதை நிறுத்தியது. உடனே பல பெரிய நிகழ்ச்சிகளின் பதிவிறக்க எண்ணிக்கை சரிந்தது. கேட்டவர்கள் எங்கும் போய்விடவில்லை. யாரும் திறக்காமல் போனில் கிடந்த கோப்புகள்தான் கணக்கிலிருந்து போயின.

இணையத்தில் நம் ஒவ்வொரு சொடுக்கையும் எண்ணுகிறார்கள். இங்கே மட்டும் யாரும் பார்க்காமல் ஒருவர் பேசுவதைக் கேட்கலாம். எனக்கு இது பாட்காஸ்ட்டின் ஆகப்பெரிய குணமாகத் தெரிகிறது. ஆனால் மார்க்கெட்டிங்குக்கு இதுதான் குறை. அதிலும் நிறுவனங்களுக்கு விற்கும் நிறுவனங்களுக்குப் பெரிய குறை. பிஸ்கட் விற்பவருக்குப் பத்தாயிரம் பேர் என்றால் பத்தாயிரம் பேர்தான். வங்கிகளுக்கான மென்பொருள் விற்பவருக்கு உலகத்தில் தேவைப்படுவது ஒரு இருநூறு பேராக இருக்கலாம். இறக்கியவர்களில் அந்த இருநூறில் ஒருவராவது உண்டா என்பதைச் சொல்ல சர்வர் பதிவில் வழி இல்லை. பட்ஜெட்டுக்குக் கையெழுத்துப் போடுகிறவர் கேட்கும் முதல் கேள்விக்கே பதில் கிடையாது.

இதற்கு ஒரு தீர்வு கண்டுபிடித்தார்கள். கேட்பவரைத் தெரியாது, ஆனால் பேச வருகிறவரைத் தெரியுமே.

3. பொன்னாடை

சில வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் பாட்காஸ்ட் தொடங்கினார்கள். பேசுவதற்குத் தொழில்நுட்பக் கேள்விகள் எழுதித் தரச் சொல்லி என்னிடம் வந்தார் மார்க்கெட்டிங்கில் இருந்த பெண். யார் யார் வருகிறார்கள் என்று கேட்டேன். எக்செல் ஷீட்டைத் திறந்து காட்டினார். நாற்பது பெயர்கள். பக்கத்தில் நிறுவனம், பதவி, ஊர். அதற்கடுத்த பத்தியின் தலைப்பு 'டீல் ஸ்டேஜ்'. இவருக்கு எதைப் பற்றித் தெரியும் என்று ஒரு பத்தி இல்லை.

"இதை யாரு கேப்பாங்க?" என்றேன்.

"யாரு கேக்கணும்ணா? வர்றவர் கேட்டாப் போதும்."

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. பெரிய பதவியில் இருப்பவருக்கு 'எங்கள் தயாரிப்பைக் காட்டலாமா' என்று பத்து மெயில் போட்டாலும் பதில் வராது. 'உங்களைப் பேட்டி எடுக்கலாமா' என்றால் அன்றைக்கே வரும். முன்தயாரிப்புக்கு ஒரு அழைப்பு, பதிவுக்கு முக்கால் மணி நேரம், அப்புறம் நன்றி சொல்ல ஒரு மெயில், லிங்க்ட்இன்னில் போட ஒரு நிமிடத் துண்டு. ஒரு மாதத்தில் அவர் நமக்குத் தெரிந்தவர் ஆகிவிடுவார். இது ரகசியமும் அல்ல. ஜேம்ஸ் கார்பரி என்பவர் 2020இல் 'கன்டென்ட்-பேஸ்டு நெட்வொர்க்கிங்' என்று ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். யாரோடு உறவு வேண்டுமோ அவர்களோடு சேர்ந்து உள்ளடக்கத்தை உருவாக்குங்கள் என்பதுதான் அதன் சாரம். ஒருவகையில் நேர்மையான புத்தகம். வடிவத்தின் உள்நோக்கத்தை வெளியே வைத்துவிடுகிறது.

இதில் ஒழுக்கக்கேடு எதுவும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. வியாபாரம் இப்படித்தான் நடந்திருக்கிறது; டீ வாங்கிக் கொடுத்துப் பேச்சை ஆரம்பிப்பது போலத்தான். என் பிரச்சினை, அந்த டீக்கடைப் பேச்சைப் பதிவு செய்து நமக்கும் அனுப்புகிறார்கள் என்பதில். அதைக் கேட்டுப் பாருங்கள். "உங்கள் பயணத்தைச் சொல்லுங்கள்" என்று ஆரம்பிக்கும். விருந்தினர் சொல்வார். "அருமை" என்பார் தொகுப்பாளர். "நீங்கள் சந்தித்த ஒரு தோல்வி?" என்று கேட்பார். அந்தத் தோல்வி மூன்றாவது வாக்கியத்தில் வெற்றியாகிவிடும். "ஏன் அப்படி ஆச்சு?" என்ற துணைக்கேள்வி ஒருபோதும் வராது. வர முடியாது. அடுத்த மாதம் இவரிடம் விலைப்பட்டியல் போக வேண்டும்.

தமிழ் இலக்கிய வாசகருக்கு இந்த வடிவம் நல்ல பழக்கம். நம் புத்தக வெளியீட்டு மேடைதான் இது. மேடையில் இருக்கிறவர் மேடையில் இருக்கிற இன்னொருவருக்குப் பொன்னாடை போர்த்துவார். இன்று போர்த்தியவருக்கு அடுத்த மாதம் வேறொரு மேடையில் போர்த்துவார்கள். கீழே உட்கார்ந்திருக்கிறவர்கள் அந்தச் சடங்குக்குத் தேவையான சாட்சிகள். சாட்சிக்குச் சொல்ல யாரிடமும் எதுவும் இல்லை.

இந்த இடத்தில் புறநானூற்றின் 208ஆம் பாட்டு ஞாபகம் வருகிறது. பெருஞ்சித்திரனார் மலையெல்லாம் கடந்து அதியமான் நெடுமான் அஞ்சியிடம் பரிசில் கேட்டுப் போகிறார். அதியமான் அவரை நேரில் பார்க்காமல் பொருளை மட்டும் கொடுத்தனுப்புகிறான். புலவர் வாங்க மறுக்கிறார். பார்க்காமல் கொடுத்ததை வாங்கிப் போக நான் வியாபாரி இல்லை, என் தகுதி தெரிந்து கொடுத்தால் கொஞ்சமே போதும் என்கிறார். இந்தப் பாட்டைச் சிலர் காசை மறுத்த கவிஞனின் பெருமிதமாகப் படிக்கிறார்கள். அப்படி இல்லை. பரிசில் வாங்கத்தான் அவர் வந்தார். பொருளும் உறவும் ஒன்றாக இருப்பதில் அவருக்குச் சங்கடம் இல்லை. பார்க்காமல் கொடுப்பதுதான் அவமானம்.

அந்த எக்செல் ஷீட்டின் அவலமும் இதுதான். முக்கால் மணி நேரம் ஒரு மனிதர் எதிரில் உட்கார்ந்து பேசுகிறார். இருபது வருட வேலை அவருக்குள் இருக்கிறது. அவரை அங்கே யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் பார்ப்பது நாலாவது பத்தியை.

4. மன்னிப்பும் சரக்குதான்

அப்படியானால் பார்த்துப் பேசும் வணிகப் பாட்காஸ்ட் உண்டா? மூன்று தொடர்களை எடுத்துக்கொள்கிறேன். மூன்றையும் முழுதாக இல்லாவிட்டாலும் நிறையக் கேட்டிருக்கிறேன். மூன்றின் மேலும் எனக்குப் பிரியம் உண்டு.

முதலாவது, 2014இல் வந்த 'ஸ்டார்ட்அப்'. அமெரிக்கப் பொது வானொலியில் பெயர் பெற்ற அலெக்ஸ் ப்ளூம்பெர்க், வேலையை விட்டுவிட்டு ஒரு பாட்காஸ்ட் நிறுவனம் தொடங்குகிறார். தொடங்குவதையே பாட்காஸ்ட்டாகப் பதிவு செய்கிறார். முதல் அத்தியாயத்தில் கிறிஸ் சக்கா என்ற முதலீட்டாளரிடம் தன் திட்டத்தை விளக்குகிறார். திணறுகிறார், சுற்றி வளைக்கிறார். கேட்க நமக்கே உடம்பு கூசும். சக்கா அதே திட்டத்தை அவரைவிட நன்றாக, சில நிமிடங்களில் அவருக்கே சொல்லிக் காட்டுகிறார். இன்னொரு அத்தியாயத்தில் ப்ளூம்பெர்க்கும் அவர் கூட்டாளி மேட் லீபரும் நிறுவனத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று பேசுகிறார்கள். நண்பர்களாக இருந்து பங்காளிகளாகிறவர்களின் அந்தத் தயக்கத்தை நாவல்களில்கூட அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

தொழில்முனைவோரும் முதலீட்டாளர்களும் இதை விழுந்து விழுந்து கேட்டார்கள். நேயர்களில் சிலரிடமிருந்தே முதலீடும் திரட்டினார்கள். உறவு வேறு, விற்பனை வேறு என்ற பாசாங்கு இதில் இல்லை. உறவுதான் விற்பனைக்கு வந்த பொருள், அதைச் சொல்லியே விற்றார்கள்.

சோதனை விரைவிலேயே வந்தது. கிம்லெட் என்று அந்த நிறுவனத்துக்குப் பெயர் வைத்த கையோடு ஸ்குவேர்ஸ்பேஸ் நிறுவனத்துக்கு ஒரு விளம்பரம் செய்தார்கள். வழக்கமான விளம்பரம் அல்ல, பேட்டி பாணியில். இணையதளம் உருவாக்கிய ஒரு சிறுவனிடம் பேசினார்கள். அது விளம்பரத்துக்கான பதிவு என்பது அவன் அம்மாவுக்கு விளங்கியிருக்கவில்லை. ஒலிபரப்பான பிறகு தெரிந்து வருத்தப்பட்டுப் பொதுவெளியில் எழுதினார். 'ஸ்டார்ட்அப்' அந்தத் தவற்றையே ஒரு அத்தியாயமாக எடுத்தது. எங்கே பிசகினோம், ஏன் தெளிவாகச் சொல்லவில்லை என்று தங்களுக்குள் விசாரித்துக்கொண்டார்கள்.

அந்த அத்தியாயம் எனக்கு இரண்டு விதமாகக் கேட்கிறது. ஒரு நிறுவனம், விளம்பரதாரரின் பெயரோடு சேர்த்து, தன் தவற்றை அரை மணி நேரம் பேசுவது சாதாரண விஷயம் அல்ல. அதேசமயம், அந்த மன்னிப்புக்கும் நல்ல இசை இருக்கிறது, கச்சிதமான எடிட்டிங் இருக்கிறது. முடியும்போது நாம் அவர்களை முன்பைவிட அதிகமாக நம்புகிறோம். அம்மாவின் நம்பிக்கை போன இடத்திலிருந்து ஆயிரக்கணக்கான நேயர்களின் நம்பிக்கையை எடுத்துவிடுகிறார்கள். ஒப்புதல் வாக்குமூலம் என்ற வடிவத்தின் பலமும் விஷமும் இதுதான். குற்றத்தைச் சொல்கிறவனே கதாநாயகன் ஆகிவிடுகிறான்.

2019இல் ஸ்பாட்டிஃபை கிம்லெட்டை வாங்கியது. 2023 ஜூனில் தன் பாட்காஸ்ட் பிரிவில் சுமார் 200 பேரை வேலைநீக்கம் செய்தபோது கிம்லெட்டை இன்னொரு பிரிவோடு சேர்த்துக் கரைத்துவிட்டது. நேயர்கள் நட்பு கொண்ட பெயர் ஒரு கணக்குத் தலைப்பாக மறைந்தது.

5. வாசலில் போய் முடியும் வரலாறு

இரண்டாவது, 'கமாண்ட் லைன் ஹீரோஸ்'. லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹேட் 2018 ஜனவரியில் தொடங்கியது. தொகுத்தவர் சாரோன் யிட்பாரெக். புரோகிராமிங் புதிதாகக் கற்பவர்களுக்காக கோட்நியூபி என்ற குழுவை உருவாக்கியவர். அவர் குரலில் ஒரு சிநேகம் இருக்கிறது; தெரிந்தவர் தெரியாதவரிடம் பேசும்போது வரும் மேட்டிமை துளியும் கிடையாது. முதல் இரண்டு அத்தியாயங்கள் மைக்ரோசாஃப்ட், ஆப்பிள், லினக்ஸ் ஆகியவற்றின் போரைச் சொல்கின்றன. மூன்றாவது பருவம் முழுக்க மொழிகள்: பைத்தான், பேசிக், ஜாவாஸ்கிரிப்ட், பேர்ல், கோபால், சி, லிஸ்ப். முதலில் சொன்ன டென்னிஸ் ரிச்சியை நான் சந்தித்தது இங்கேதான்.

இதில் 'எங்கள் சரக்கை வாங்குங்கள்' என்று ஒரு வரி வராது. இதை நிறையப் பேர் பாராட்டியிருக்கிறார்கள். ஆனால் கதையின் எலும்பைப் பாருங்கள். முதல் பருவம் ஆபரேட்டிங் சிஸ்டம் போரில் ஆரம்பித்து, அஜைல், டெவ்ஆப்ஸ், கன்டெய்னர், கிளவுட் என்று போகிறது. மூடிய மென்பொருள் என்ற இருட்டிலிருந்து திறந்த மென்பொருள் என்ற வெளிச்சத்துக்கு மனிதகுலம் நடந்து வருகிறது. நடந்து வந்து நிற்கும் இடத்தில் ரெட் ஹேட்டின் கடை இருக்கிறது. கடையின் பெயரைச் சொல்லவே வேண்டாம். தல புராணங்கள் இப்படித்தான் வேலை செய்கின்றன. எல்லா நதியும் கடைசியில் இந்தக் குளத்துக்குத்தான் வந்து சேரும்.

இப்போது புராணத்துக்கு வெளியே நடந்ததையும் சேர்த்துப் பார்க்கலாம். 2019 ஜூலையில் ஐபிஎம் சுமார் 34 பில்லியன் டாலருக்கு ரெட் ஹேட்டை வாங்கி முடித்தது. 2020 டிசம்பரில் சென்ட்ஓஎஸ் லினக்ஸ் 8இன் ஆதரவு 2029 வரை என்று இருந்ததை 2021 முடிவோடு நிறுத்துவதாக அறிவிப்பு வந்தது. சென்ட்ஓஎஸ் என்பது ரெட் ஹேட்டின் லினக்ஸை இலவசமாகப் பயன்படுத்தும் வழியாக இருந்தது. உலகெங்கும் எண்ணற்ற சர்வர்கள் அதில் ஓடின. 2023 ஜூனில், ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸின் மூலநிரல் இனி பொதுவில் சென்ட்ஓஎஸ் ஸ்ட்ரீம் வழியாக மட்டுமே கிடைக்கும், மற்றபடி வாடிக்கையாளர்களுக்குத்தான் என்றார்கள். எதையும் சேர்க்காமல் அப்படியே மறுபடி கட்டி வெளியிடுகிறவர்களுக்காக நாங்கள் உழைக்க முடியாது என்பது அவர்கள் தரப்பு. அதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். திறந்த மென்பொருளை எழுதுகிறவர்களுக்கும் சம்பளம் வேண்டும். ஆனால் உலகம் முழுக்க மென்பொருள் ஆட்கள் கொதித்தார்கள். அந்தக் கோபத்துக்கு வெறும் சட்டக் காரணம் மட்டும் இல்லை. ஒரு நண்பன் திடீரென்று பில்லை நீட்டியது போல இருந்தது.

திறந்த மென்பொருளுக்கு யார் காசு கொடுப்பது? அதன் வரலாற்றில் இதைவிடப் பெரிய கேள்வி இல்லை. பல வருடங்களாக, அத்தனை அன்பாக, அத்தனை உழைப்போடு அந்த வரலாற்றைச் சொன்ன தொடருக்குள் இந்தக் கேள்வி ஒரு பக்கக் கதையாக இருக்கலாமே தவிர, ரெட் ஹேட்டே ஒரு தரப்பாக நிற்கும் அத்தியாயமாக இருக்க முடியாது. யிட்பாரெக்கின் குறை அல்ல இது. சம்பளம் வரும் வாசலைத் தவிர மற்ற எல்லா வாசலுக்கும் டார்ச் அடிக்கலாம் என்ற ஏற்பாட்டின் குறை. அந்தத் தொடரை இன்றைக்கும் புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்குப் பரிந்துரைக்கிறேன். கூடவே இந்த மூன்று தேதிகளையும் சொல்லி அனுப்புகிறேன்.

6. நான்கு மணி நேரக் கவனம்

மூன்றாவது 'அக்வயர்ட்'. பென் கில்பர்ட், டேவிட் ரோசன்தால் என்ற இரு வென்ச்சர் முதலீட்டாளர்கள் 2015இல் தொடங்கினார்கள். முதல் அத்தியாயம் பிக்ஸார். வெற்றிகரமான நிறுவனக் கைப்பற்றல்களைப் பற்றித்தான் முதலில் பேசினார்கள். பிறகு நிறுவனங்களின் முழு வரலாறாக விரிந்தது. எல்விஎம்ஹெச், காஸ்ட்கோ, நின்டெண்டோ. ஒரு அத்தியாயம் மூன்று மணி நேரம், நான்கு மணி நேரம் என்று போகும். புத்தகங்களைப் படித்துவிட்டு வந்து இருவரும் பேசிக்கொள்வார்கள். பேசப்படும் நிறுவனங்களில் தங்களுக்கு முதலீடு இருக்கலாம் என்று அறிவித்துவிடுவார்கள்.

அவர்களிடம் எனக்குள்ள புகார் எளிமையானது. இந்த நிறுவனம் ஏன் ஜெயித்தது என்பதுதான் அவர்களின் கடைசிக் கேள்வி. அதற்கு ஹாமில்டன் ஹெல்மரின் 'ஏழு சக்திகள்' சட்டகத்தை வைத்திருக்கிறார்கள். ஆகவே கதை எப்போதும் நிறுவனரின் தோளுக்குப் பின்னால் நின்று சொல்லப்படுகிறது. கிடங்கில் பெட்டி தூக்குகிறவர் வருவார், ஆனால் செலவுக் கணக்கில் ஒரு எண்ணாக வருவார். நான்கு மணி நேரப் பாரதத்தில் காலாட்படைக்கு ஒரு நிமிடம்.

ஆனாலும் அவர்களிடம்தான் நான் கேட்டதில் மிக நல்ல ஒரு தருணம் இருக்கிறது. என்விடியா பற்றி மூன்று நீண்ட பாகங்கள் செய்து முடித்துவிட்டு, 2023 அக்டோபரில் ஜென்சன் ஹுவாங்கின் பேட்டியை வெளியிட்டார்கள். இன்று உங்களுக்கு முப்பது வயது என்றால் என்ன நிறுவனம் தொடங்குவீர்கள் என்று கேட்டார்கள். தொடங்கவே மாட்டேன் என்றார். எவ்வளவு வலிக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால் புத்தியுள்ள யாரும் இதைச் செய்ய மாட்டார்கள் என்ற பொருளில் பேசினார். உலகத்தின் மிகப் பெரிய நிறுவனங்களில் ஒன்றை நடத்துகிறவர், தொழில்முனைவோர் கூட்டத்தின் முன்னால் சொல்கிறார்.

இந்தப் பதில் எப்படி வந்தது? கேள்வி சாதாரணக் கேள்விதான், எந்த லிங்க்ட்இன் பேட்டியிலும் வரும். ஆனால் கேட்டவர்கள் அதற்கு முன் பல மணி நேரம் அவருடைய முப்பது வருடங்களைப் படித்துப் பேசியிருந்தார்கள். தன்னைப் பார்த்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். பெருஞ்சித்திரனார் கேட்டது அதைத்தான். முதலில் பார், பிறகு கொடு.

அந்தப் பதிலையும் துண்டாக வெட்டிப் பின்னணி இசை போட்டு 'விடாமுயற்சி' வீடியோ ஆக்கினார்கள் என்பது தனிக்கதை. 2024 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோவின் சேஸ் சென்டர் கூடைப்பந்து அரங்கில் ஜே.பி.மார்கன் ஆதரவோடு 'அக்வயர்ட்' நேரடி நிகழ்ச்சி நடந்தது. மேடையில் மார்க் சக்கர்பெர்க். தனியாகக் காதில் கேட்டவர்கள் அரங்கத்தில் கூட்டமாக உட்கார்ந்தார்கள். பொன்னாடையின் நிழல் அங்கேயும் விழ ஆரம்பித்துவிட்டதோ என்று எனக்குச் சந்தேகம்.

7. எதற்குச் செலவானது?

இந்தத் தொடர்களை அளக்க நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். பேசுகிறவருக்கு ஏதாவது செலவு வைக்கிற ஒரு வாக்கியமாவது இதில் இருக்கிறதா? நட்பில் காசு இருக்கலாம், காரியம் இருக்கலாம். நமக்கு நஷ்டம் வரும் ஒன்றைச் சொல்ல இடம் இல்லாவிட்டால் அது வெறும் உபசாரம். 'ஸ்டார்ட்அப்' செலவு செய்தது, செய்ததை லாபமாகவும் மாற்றிக்கொண்டது. 'கமாண்ட் லைன் ஹீரோஸ்' உழைப்பைச் செலவு செய்தது, தன் பெயரைச் செலவு செய்யவில்லை. 'அக்வயர்ட்' நேரத்தைச் செலவு செய்து, ஒருமுறை விருந்தினரிடமிருந்து அந்த வாக்கியத்தைப் பெற்றது. எக்செல் ஷீட் பேட்டிக்குச் செலவு மைக் வாங்கிய காசு மட்டும்தான்.

பாட்காஸ்ட்டே அல்லாத ஓர் உதாரணம் சொல்கிறேன். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் நள்ளிரவு நெருக்கடியில் தவறான சர்வரில் கட்டளையைக் கொடுத்து, முதன்மை டேட்டாபேஸின் கோப்புகளை அழித்துவிட்டார். பேக்கப்புகளைத் தேடினால் ஐந்து வழிமுறைகளில் ஒன்றுகூடச் சரியாக வேலை செய்திருக்கவில்லை. கடைசியில் ஆறு மணி நேரத்துக்கு முந்தைய ஒரு நகலிலிருந்து மீட்டார்கள். அந்த மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள். குறிப்புகளை எழுதிய கூகிள் டாக்ஸைப் பொதுவில் திறந்து வைத்தார்கள். 

அந்த நேரலையில் பெரும்பாலான நேரம் எதுவும் நடக்கவில்லை. கோப்பு மெதுவாக நகலாகிக்கொண்டிருக்கும். களைத்த குரலில் சிலர் பேசிக்கொண்டிருப்பார்கள். பார்க்கிறவர்கள் அனுப்பும் கேள்விகளுக்கு முடிந்தவரை பதில் சொல்வார்கள். இசை இல்லை, எடிட்டிங் இல்லை, தொகுப்பாளர் இல்லை. பார்த்தவர்களில் நிறையப் பேர் அதே மென்பொருளை வைத்துத் தொழில் நடத்துகிறவர்கள், தங்கள் தரவு போயிருக்குமோ என்ற பயத்தோடு வந்தவர்கள். மார்க்கெட்டிங் மொழியில் சொன்னால் மிகச் சரியான பிசினஸ் ஆடியன்ஸ். அவர்களில் பலர் திட்டாமல் ஆறுதல் சொன்னார்கள். தங்களுக்கு நடந்த அதே போன்ற விபத்துகளைச் சொன்னார்கள். உறவை வளர்த்துக்கொள்வதற்காக அன்றைக்கு யாரும் எதையும் திட்டமிடவில்லை.

இதைத் திட்டமிட்டுச் செய்ய முடியாது என்பது எனக்குத் தெரியும். வாராவாரம் ஒரு டேட்டாபேஸை அழிக்க முடியாது. ஆனால் எல்லா நிறுவனத்திலும் வெளியே சொல்லாத ஒரு ஜனவரி 31 இருக்கிறது. அதைப் பற்றி அந்த இரவில் உட்கார்ந்திருந்தவரிடமே, 'டீல் ஸ்டேஜ்' பத்தியை மூடிவைத்துவிட்டு, முக்கால் மணி நேரம் பேசலாம். "ஏன் அப்படி ஆச்சு?" என்ற துணைக்கேள்வியையும் கேட்கலாம். நான் கேட்பேன். சர்வர் பதிவில் என் பெயர் வராது, அவ்வளவுதான்.